பக்கத்து வீட்டுச் சங்கதி

இதை எழுதுகிறவன் அந்த அம்மாளை முதன்முதலாகப் பார்த்தபோது, அவர் மேசை மேல் நாற்காலி போட்டு, நாற்காலி மேல் ஏறி நின்று, மின்விசிறிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். ராணுவ முகாம் அலுவலகத்தில் தட்டச்சுக்கு ஆள் வேண்டுமென்று போனவன் அவன். பட்டச் சான்றிதழை நெகிழி உறையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றான். மேலேயிருந்தே கேள்வி வந்தது.

"பட்டதாரியா தம்பி?"

"ஆமாங்க. எங்க வீட்டுல நான்தான் முதல் ஆள்."

"நல்லது. நீ இங்க வந்துட்ட. நீ இல்லாம அங்க வீட்டுல என்ன நின்னு போச்சு?"

"ஒண்ணும் நிக்கலைங்க. எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"சரி" என்றார் அவர், துளியும் நம்பாத குரலில். "சாயங்காலம் ஒரு போன் போட்டுக் கேளு."

கேட்டான். அப்பாவுடைய இரண்டு மாத்திரைகளில் எது காலைக்கு, எது ராத்திரிக்கு என்று அட்டையைப் படித்துச் சொல்ல வீட்டில் ஆளில்லை. நாலு நாளாக அப்பா இரண்டையுமே தொடவில்லை. மறுநாள் அதைச் சொன்னபோது அந்த அம்மாள் சிரிக்கவும் இல்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. இழுப்பறையைத் திறந்து ஒரு மஞ்சள் தாளை எடுத்து நீட்டினார்.

"இதுல எழுது. ஒண்ணும் இல்லைன்னு சொல்ற வீட்லதான் நெறைய இருக்கும்."

முகாமில் அவரை எல்லோரும் ஒத்திகை அக்கா என்பார்கள்.

முகாமின் பின்பக்கம், தபால் அறைக்கும் சலவைக் கூடத்துக்கும் நடுவே இருந்தது அவருடைய அறை. சலவைக் கூடத்து நீராவியால் அந்த அறையின் ஒரு சுவர் எந்த நேரமும் வெதுவெதுப்பாக இருக்கும். மழைக் காலத்தில் பக்கத்து அறைக்காரர்கள் ஈரக் காலுறையைக் கொண்டுவந்து அந்தச் சுவரில் சாய்த்துவிட்டுப் போவார்கள். கதவில் குடும்ப உதவிப் பிரிவு என்று பலகை. உள்ளே இரண்டு மேசை, ஓர் இரும்பு அலமாரி, சுவரில் உலகப் படம். வெளிநாட்டுக்குப் படைப்பிரிவு புறப்படுகிற ஒவ்வொரு தடவையும் அந்த அறை சந்தைக்கடையாகிவிடும். போகிறவனுக்குக் காலணியும் தலைக்கவசமும் தடுப்பூசியும் கொடுத்து அனுப்புவதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். அவன் விட்டுவிட்டுப் போகிற வீடு சாயாமல் நிற்கிறதா என்று பார்ப்பது அக்காவின் பொறுப்பு.

அதற்கு அவர் வைத்திருந்த வழி கொஞ்சம் விசித்திரமானது. புறப்பாட்டுக்குப் பதினேழு நாள் இருக்கும்போது, போகிறவர்கள் அத்தனை பேரும் மூன்று நாள் முகாமுக்குள்ளேயே தங்கிவிட வேண்டும். குடும்பங்கள் இருக்கும் குடியிருப்பு மதிலுக்கு அந்தப் பக்கம்தான், கூப்பிட்டால் கேட்கிற தூரம். ஆனாலும் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. சன்னலைப் பார்த்துக் கையாட்டக் கூடாது. பிள்ளைகள் கையில் சீட்டுக் கொடுத்தனுப்பக் கூடாது. ஆள் கடலைத் தாண்டிவிட்டான் என்றே வைத்துக்கொள்ள வேண்டும்; இதுதான் ஒத்திகை. இரண்டாம் நாள் மட்டும் ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு, ஐந்து நிமிடம். மூன்று நாளும் முடிந்ததும் வீட்டுக்காரி மஞ்சள் தாளில் எழுதித் தருவாள். அவர் இல்லாமல் எது நின்றது, எது உடைந்தது, எந்த இடத்தில் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்று. மிச்சமிருக்கிற இரண்டு வாரமும் அதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிசெய்து முடிப்பதற்கு.

பழைய மஞ்சள் தாள்களைப் புரட்டினால் பொழுது போவதே தெரியாது. 'குளியலறைக் கதவு உள்ளே மாட்டிக்கொண்டது. கீழே இடது மூலையில் உதைக்க வேண்டுமாம். இத்தனை வருடமாக இவர் அங்கே பல்லியை விரட்டுகிறார் என்று நினைத்திருந்தேன்.' 'சின்னவன் தூங்க மறுக்கிறான். அப்பா மாதிரி குறட்டை விடச் சொல்கிறான். முயன்று பார்த்தேன், வரவில்லை.' ஒரு சமையல்காரச் சிப்பாய் வீட்டு ஞாபகம் தாங்காமல் முகாமின் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி, தொலைநோக்கி வைத்துத் தன் வீட்டுக் கொடிக்கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கையும் களவுமாகப் பிடிபட்டார். "துணி காயுதான்னு பார்த்தேன் அக்கா" என்றார். "அங்க போனதும் எந்தத் தொட்டி மேல ஏறுவீங்க?" என்று மட்டும் கேட்டு இறக்கிவிட்டார் அக்கா.

இந்த யோசனை அவருக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. சொந்த வீட்டில் பட்டுத் தெரிந்துகொண்டது. அவருடைய கணவரும் பட்டாளத்துக்காரர். கல்யாணமான நாலாம் வருடம் பதினொரு மாதம் வெளிநாட்டில் இருந்தார். அந்தப் பதினொரு மாதமும் வாரம் தவறாமல் அக்கா எழுதிய கடிதங்களில் ஒரே வரிதான்: இங்கே எல்லாம் நலம். எழுதும்போது கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. மகள் கையை முறித்துக்கொண்டிருந்தாள். வீட்டின் சொந்தக்காரர் காலி செய்யச் சொல்லி, அவர்கள் வேறு தெருவுக்கே குடிமாறியிருந்தார்கள். முகவரி மாறியதற்குக்கூட 'தபால்காரர் மாறிவிட்டார்' என்று ஒரு சாக்கு. அவர் மனம் கலங்கக் கூடாதே என்று எல்லாவற்றையும் தானே விழுங்கினார். கணவர் திரும்பி வந்து, தெரியாத வீட்டின் தெரியாத நாற்காலியில் நுனியில் உட்கார்ந்து, "குடிக்கத் தண்ணி எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார். அக்கா தேநீர் கலந்துகொண்டே, "உங்களுக்குச் சர்க்கரை போடலாமா?" என்று கேட்டார். கேட்ட பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. அந்த விருந்தாளி மறுபடி வீட்டுக்காரராக இரண்டு வருடம் பிடித்தது.

அந்தக் கணவர் இப்போது ஓய்வுபெற்று வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். ஊருக்கு அவர் கிளட்ச் மாஸ்டர்.

இப்போது சொல்ல வந்தது அக்கா நடத்திய ஒன்பதாவது ஒத்திகை. முப்பத்தாறு பேர், எட்டு மாதம், அமைதிப் படை. தலைமை அதிகாரி அந்த முகாமுக்குப் புதியவர். கெட்டவர் இல்லை, அவசரக்காரர். புறப்படும் முன்னால் மூன்று நாள் பயிற்சி வீணாகிறதே என்று அவருக்கு ஆற்றாமை. அவரும்தான் போகிறார். சரி, இந்தத் தடவை நடக்கட்டும், பலன் தெரிந்தால் பார்க்கலாம் என்று அரை மனதாகச் சம்மதித்தார்.

ஒத்திகை முடிந்தது. முப்பத்தாறு மஞ்சள் தாளும் சொல்லிவைத்தாற்போல் மறுநாள் காலையிலேயே மேசைக்கு வந்துவிட்டன. அக்கா முதல் தாளைப் பார்த்தார். 'ஒன்றுமில்லை.' இரண்டாவது, 'ஒன்றுமில்லை.' மூன்றாவது, 'எல்லாம் நன்றாக நடந்தது.' கடைசித் தாள்வரை இதே பல்லவி. ஒருத்தி கூடுதல் உற்சாகத்தில், 'அவர் இல்லாததே தெரியவில்லை' என்று எழுதியிருந்தாள்.

அதிகாரிக்கு வாயெல்லாம் பல்.

"பாத்தீங்களாம்மா? நம்ம குடும்பங்க எல்லாம் தயாரா இருக்காங்க. அடுத்த தடவையிலேருந்து இந்த மூணு நாளைப் பயிற்சிக்கு எடுத்துக்கலாம். நீங்களும் நிம்மதியா இருக்கலாம்."

"சார், முந்தாநாள் ரெண்டாவது கட்டடத்துல குழாய்க்காரர் மூணு வீடு ஏறி எறங்கினதை என் கண்ணால பாத்தேன். ஒரு அம்மா நடுரோட்டுல வண்டியத் தள்ளிட்டிருந்தாங்க. ஒரு பொண்ணு ஒரு காலுக்குக் கறுப்பு ஷூ, ஒரு காலுக்குப் பழுப்பு ஷூ போட்டுட்டுப் பள்ளிக்கூடம் போச்சு."

"தாள்ல இல்லையேம்மா."

"தாள்ல இல்லைங்கிறதுதான் சார் எனக்குப் பயமா இருக்கு."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு நாள் தரேன். அதுக்குள்ள வேற ஏதாவது தெரிஞ்சா கொண்டுவாங்க. இல்லைன்னா இதோட முடிச்சுக்கலாம்."

ஒன்பது ஒத்திகை நடத்தியவருக்கு ஒத்திகை போகிறதே என்ற கவலை இல்லாமலில்லை. ஆனால் அதைவிடப் பெரிய கவலை, இந்த முப்பத்தாறு வீடும் 'எல்லாம் நலம்' என்று எழுதிக்கொண்டே எட்டு மாதம் ஓட்டப் போகின்றன என்பது. அந்த வரியின் விலை அவருக்குத் தெரியும்.

விஷயத்தைப் போட்டு உடைத்தவள் ஒரு நர்ஸ். அவள் கணவர் படையில் லாரி மெக்கானிக். ஆஸ்பத்திரி முறைவேலை முடிந்து வரும் வழியில் அக்காவின் அறையில் எட்டிப் பார்த்து, கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. போன தடவை ஒருத்தரோட பேரைக் கடைசி நேரத்துல பட்டியல்லேருந்து எடுத்தாங்கல்ல? அவர் வீட்டுத் தாள் ரெண்டு பக்கமாம். அதனாலதான் எடுத்தாங்களாம். தாள்ல அஞ்சு சிக்கலுக்கு மேல போனா ஆளை நிறுத்திடுவாங்கன்னு பேச்சு."

"அடப்பாவமே. அவருக்கு முழங்கால் போச்சும்மா. டாக்டர் நிறுத்தினாரு."

"அது உங்களுக்கும் டாக்டருக்கும் தெரியும். துணி காயப்போடற எடத்துல அப்படி இல்ல. எங்காளு இந்தப் பயணத்துக்கு ரெண்டு வருஷமா தவம் கெடக்கறாரு. என் தாளால அது போச்சுன்னா, அப்புறம் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாரு. எல்லாருக்கும் அதே பயம்தான்."

அக்கா அன்று மாலையே குடியிருப்புக்குப் போனார். தாளுக்கும் பட்டியலுக்கும் சம்பந்தமே இல்லை என்று வீடு வீடாய்ப் படி ஏறி இறங்கிச் சொன்னார். எல்லோரும் மரியாதையாக நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கேட்டார்கள். தலையை ஆட்டினார்கள். ஒருத்தியும் நம்பவில்லை. திரும்பும்போது, பின்னால் யாரோ, "அவங்க அப்படித்தான் சொல்லணும், அவங்க வேலை அது" என்று சொன்னது காதில் விழுந்தது.

வீட்டுக்கு வந்தபோது கிளட்ச் மாஸ்டர் வாசலில் பயிற்சி வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். அக்கா படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு பாட்டம் கொட்டித் தீர்த்தார். மாஸ்டர் சக்கரத்தைத் தேய்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீ கேக்கறதே தப்பு" என்றார் கடைசியில்.

"ஆமா, நான் பண்றதெல்லாம் தப்புதான்."

"கேளேன். கத்துக்க வர்றவங்ககிட்ட உனக்கு என்ன வரலைன்னு கேட்டா, எல்லாம் வருது மாஸ்டர்ம்பான். வண்டி பள்ளத்துல இருக்கும், அப்பவும் எல்லாம் வருதும்பான். நான் அப்படிக் கேக்கறதே இல்ல. முன்னாடி போறான் பாரு, அவன் என்ன தப்பு பண்றான்னு கேப்பேன். அவ்வளவுதான், அரை மணி நேரம் நிறுத்த மாட்டான். கையைக் காட்டாமத் திரும்பறான், பிரேக்கை அமுக்கிக்கிட்டே போறான், கண்ணாடியப் பாக்க மாட்டேங்கறான். அத்தனையும் இவனோட தப்பு."

அக்கா எழுந்து நின்றார். வாளியிலிருந்த தண்ணீரில் கையை நனைத்து மாஸ்டர் முகத்தில் தெளித்தார். "இருபது வருஷத்துல இன்னைக்குத்தான் உருப்படியா ஒண்ணு சொல்லியிருக்கீங்க."

"எழுதி வச்சுக்கோ. மஞ்சள் தாள்ல."

மறுநாள் காலை முதல் வேலையாகப் புதிய படிவம் தட்டச்சானது. ஒரே கேள்வி: 'ஒத்திகை நடந்த மூன்று நாளில் உங்கள் பக்கத்து வீட்டில் என்னென்ன சிக்கல் வந்தது?' அதற்குக் கீழே தடித்த எழுத்தில்: 'உங்கள் பெயர் வேண்டாம். அவர்கள் பெயரும் வேண்டாம். கதவு எண் வேண்டாம்.' தபால் அறை வாசலில் ஒரு பூட்டுப் போட்ட பெட்டி. அவ்வளவுதான்.

மத்தியானத்துக்குள் படிவம் போதவில்லை என்று ஆள் வந்தது. சாயங்காலம் பெட்டி வாய்வரை நிறைந்து நின்றது. அக்கா கதவைச் சாத்திக்கொண்டு, வெதுவெதுப்பான சுவரில் முதுகைச் சாய்த்துப் படிக்கத் தொடங்கினார்.

'பக்கத்து வீட்டுக்காரி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடது முழங்கால். படி ஏறும்போது மட்டும் வலிக்கிறது, இறங்கும்போது இல்லை.' பக்கத்து வீட்டு முழங்காலைப் பற்றி இவ்வளவு தெரிந்தவள் யாராக இருக்க முடியும் என்று நினைத்து அக்கா வாய்விட்டுச் சிரித்தார். 'பக்கத்து வீட்டில் மாமனாருக்கு மறதி. மகனைத் தேடி மூன்று தடவை முகாம் வாசல் காவலாளியிடம் போய் நின்றார்.' 'பக்கத்து வீட்டம்மாவுக்கு வண்டி ஓட்டத் தெரியும், ஆனால் பின்பக்கமாக எடுக்கத் தெரியாது. அதனால் முன்பக்கமாகவே போய் வேறு தெரு வழியாக வந்தார்.' 'பக்கத்து வீட்டுப் பெண் மூன்று நாளும் வாசல் விளக்கை அணைக்கவில்லை. பயம்தான்.' சில பேர் உண்மையிலேயே பக்கத்து வீட்டைப் பற்றியும் எழுதியிருந்தார்கள். அந்தத் தாள்களில் எழுத்து இன்னும் பொடியாக இருந்தது, இடம் போதாமல்.

படிவக் கட்டில் பாதியைத் தாண்டியபோது இந்தத் தாள் வந்தது. நிதானமான, அழகான கையெழுத்து.

'பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வலது காது கேட்காமல் போய் மூன்று வருடம் ஆகிறது. இடது காதும் குறைந்துகொண்டு வருகிறது. முகத்தைப் பார்த்துப் பேசினால் உதட்டை வைத்துப் புரிந்துகொள்வாள். கணவருக்குத் தெரியாது. ஒத்திகையில் அவர் தொலைபேசியில் ஐந்து நிமிடம் பேசினார். ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. அழுகை வந்ததால் மகளிடம் கொடுத்துவிட்டாள். கோபமாக இருக்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். அங்கே போன பிறகும் தொலைபேசிதான். தொலைபேசிக்கு முகம் கிடையாது. சொன்னால் அவர் போக மாட்டார்.'

அக்கா அதை இரண்டு தரம் படித்தார். அப்புறம் மடித்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகினார். யாருடைய கையெழுத்து என்று பழைய தாள்களோடு ஒப்பிட்டால் நொடியில் தெரிந்துவிடும். அலமாரி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. பெயர் வேண்டாம் என்று அச்சடித்துக் கொடுத்தவரே தேடுவதா என்று கை போகவில்லை. ஆனால் அடுத்த நாள் முழுக்க, எந்தப் பெண் எதிரே வந்தாலும் அவள் காதைத்தான் பார்த்தார்.

ஒரு பெண்ணுக்காகச் செய்வதை முப்பத்தாறு பேருக்காகச் செய்துவிடலாம் என்று முடிவுகட்டினார். புறப்பாட்டுக்குப் பத்து நாள் இருந்தபோது முகாம் கூடத்தில் எல்லோரையும் கூட்டினார். கணவன்மார் வலப்பக்கம், குடும்பங்கள் இடப்பக்கம், அதிகாரி முதல் வரிசையில். அக்கா படிவக் கட்டை எடுத்து வாசிக்கத் தொடங்கினார்.

"பக்கத்து வீட்டுல மொத்தம் நூத்தி எண்பத்திரண்டு சிக்கல்."

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "எத்தனை?"

"நூத்தி எண்பத்திரண்டு சார். நம்ம யார் வீட்லயும் ஒண்ணும் இல்ல. எல்லாம் பக்கத்து வீட்லதான்."

கூடம் குலுங்கியது. ஒவ்வொரு சிக்கலாக வாசிக்க வாசிக்க, வலப்பக்கம் ஒவ்வொரு தலையாகக் குனிந்தது. தன் வீட்டுக் கதவையும் தன் அப்பாவின் மறதியையும் அறியாதவன் யார்? பின்பக்கமாக வண்டி எடுக்கப் பழக மாஸ்டர் ஞாயிறு காலை வருவார். குழாய் மாட்டக் கற்றுத்தர சனிக்கிழமை குழாய்க்காரர் வருவார். மறதிக்காரர்களின் படம் வாசல் காவலாளியிடம் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஆள், நாள், இடம் சொல்லிக்கொண்டே போனார். இடையில் பின்வரிசையில் யாரோ ஓர் இரும்பு நாற்காலியைத் தடாலென்று கீழே தள்ளினார்கள். கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இடப்பக்கம் மூன்றாம் வரிசையில், மடியில் பெண்குழந்தையோடு இருந்த ஒருத்தி மட்டும் திரும்பவில்லை. அவள் கண் அக்காவின் வாயிலேயே இருந்தது.

அவள் படையின் சிக்னல்காரருடைய மனைவி. கம்பியில்லாத் தந்திக் கருவியில் இரைச்சலுக்கு நடுவே கொசு முனகினாலும் பிரித்துச் சொல்லிவிடுவார் என்று பெயர் வாங்கியவர் அவர். குடும்பங்கள் பேசுவதற்கான தொலைபேசி இணைப்பும் அங்கே அவர் பொறுப்புதான்.

அக்கா எதையும் காட்டிக்கொள்ளாமல் அடுத்த வரியை வாசித்தார்.

"பக்கத்து வீட்டுல ஒருத்தருக்குப் போன்ல பேசினா காது சரியாக் கேக்காது. அதுக்கு என்ன பண்ணலாம்?"

சிக்னல்காரர் உடனே எழுந்தார். சொந்தத் தொழிலாயிற்றே. "அக்கா, அது ஒரு விஷயமே இல்ல. குரல் போற அதே இணைப்புல எழுத்தும் போகும். நான் தட்டினா இங்க திரையில எழுத்தா வரும். அவங்க தட்டினா எனக்கு வரும். முகம் தெரியற அளவுக்கு அங்க இணைப்பு பத்தாது, எழுத்துக்குத் தாராளம். எத்தனை பேருக்கு வேணும்னு சொன்னா இன்னைக்கே ஏற்பாடு பண்ணிடறேன்."

"பேர் யாரும் சொல்ல வேண்டாம்" என்றார் அக்கா அவசரமாக. "தபால் அறைப் பெட்டியில சீட்டுப் போட்டா..."

அதற்குள் மூன்றாம் வரிசையில் ஒரு கை உயர்ந்துவிட்டது.

சிக்னல்காரர் முதலில் சிரித்தார். "உனக்கு எதுக்கு?" என்றார், கூடத்தைத் தாண்டி. அவள் அவர் உதட்டைப் பார்த்தாள். உயர்த்திய கையை இறக்கி வலது காதைத் தொட்டுக் காண்பித்தாள். சிரிப்பு அவர் முகத்திலேயே நின்றுபோயிற்று.

"எனக்கும் ஒண்ணு" என்று எழுந்தாள் நர்ஸ். "எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. எங்காளு போன்ல கத்துவாரு. எழுத்துன்னா கத்த முடியாதில்ல."

மெக்கானிக், "நான் எப்பக் கத்தினேன்?" என்று கத்தினார். கூடம் மறுபடி மூச்சுவிட்டது.

கூட்டம் கலைந்ததும் சிக்னல்காரர் நேரே அக்காவின் அறைக்கு வந்தார். பின்னாலேயே மகளைத் தூக்கிக்கொண்டு அவளும் வந்தாள். அவர் உட்காரவில்லை.

"அக்கா, என் பேரை எடுத்துடுங்க. நான் போகல."

"பேர் எடுக்கற வேலை என்னுது இல்ல தம்பி. உக்காருங்க."

"மூணு வருஷமாம் அக்கா, இப்பத்தான் சொன்னா. ரேடியோவுல ஊரு உலகத்துச் சத்தத்தையெல்லாம் கேக்கறேன். என் வீட்டுல என்ன நடக்குதுன்னு தெரியல. அடுப்படியில இவ பின்னாடி நின்னு எத்தனை நாள் பேசியிருக்கேன்."

"முகத்தை இந்தப் பக்கம் திருப்பிச் சொல்லுங்க" என்றாள் அவள். அவர் திரும்பி, சொன்னதையே மறுபடி சொன்னார்.

"அதுல பாதி கேக்கல" என்றாள். "மீதிப் பாதி கேட்டும் பதில் சொல்லல. அதுக்குக் காது காரணம் இல்ல."

அவருக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. இரண்டும் வந்தது. அவள் தொடர்ந்தாள். "நீங்க போகலைன்னா எனக்குக் காது வந்துடுமா? நான் பயந்தது நீங்க போறதுக்கு இல்ல. நீங்க அங்கேருந்து பேசறது எனக்குத் தெரியாமப் போயிடுமேன்னுதான். அதுக்கு நீங்களே எழுந்து நின்னு வழி சொல்லிட்டீங்க. யாருக்குன்னே தெரியாம."

அக்கா ஒரு புது மஞ்சள் தாளை மேசையில் வைத்தார். "பத்து நாள் இருக்கு. எழுதுங்க. இப்ப உங்க சொந்த வீடு."

அவர்கள் எழுதினார்கள். காது டாக்டர். அழைப்பு மணிக்குப் பதிலாக விளக்கு மின்னும் பொத்தான். எழுத்து அனுப்பும் நேரம். பள்ளிக்கூடத்துக்குச் சொல்ல வேண்டியது. மகளுக்குச் சொல்ல வேண்டியது என்று ஒரு வரி எழுதியபோது, மடியிலிருந்த அந்த ஐந்து வயதுக்காரி, "எனக்குத் தெரியுமே, அம்மாகிட்ட முன்னாடி வந்துதான் பேசணும்" என்றாள். அந்த வரியை அடித்துவிட்டார்கள்.

பத்து நாளில் எட்டு விஷயம் முடிந்தது. டாக்டர் இடது காதுக்கு ஒரு கருவி கொடுத்தார். வலது காது திரும்பாது என்றும் மறைக்காமல் சொன்னார். விளக்குப் பொத்தானை சிக்னல்காரரே பொருத்தினார். சோதனைக்கென்று அதை அமுக்கிவிட்டு வெளியே நின்றவர், கதவு திறக்க ஒரு நிமிடம் ஆனதும் பதறிவிட்டார். உள்ளேயிருந்து வந்தவள், "யாரா இருந்தாலும் கொஞ்சம் காக்கட்டும்னு பாத்தேன்" என்றாள்.

தலைமை அதிகாரி அடுத்த தடவையைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. புறப்பாட்டுக்கு மூன்று நாள் முன்னால் அவருடைய மனைவி அக்காவின் அறைக்கு வந்தார். "பக்கத்து வீட்டுப் படிவம் ஒண்ணு மிச்சம் இருக்குமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அதிகாரியின் பங்களா முகாமின் கோடியில் தனியாக நிற்கிறது. அதற்குப் பக்கத்து வீடே கிடையாது. அக்கா ஒன்றும் கேட்காமல் இரண்டாக எடுத்துக் கொடுத்தார். இரண்டும் நிறைந்து வந்தன.

முப்பத்தாறு பேரும் ஒரு காலைப் பொழுதில் பேருந்தேறினார்கள். சிக்னல்காரர் சன்னலோரம் உட்கார்ந்து, கண்ணாடிக்குள்ளிருந்தபடி சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பேசினார். சுற்றி நின்றவர்கள் யாருக்கும் ஒரு சொல்லும் புரியவில்லை. அவளுக்கு மட்டும் எல்லாம் புரிந்தது. "சரி, சரி, மறக்க மாட்டேன்" என்று பதில் சொல்லிக்கொண்டே பேருந்தோடு நாலடி நடந்தாள்.

எட்டு மாதமும் அந்த இணைப்பில் குரலைவிட எழுத்துதான் அதிகம் போயிற்றாம். காது கேட்கிற வீட்டுக்காரிகளும் அதற்கே வரிசையில் நின்றார்கள். நேரில் சொல்ல வாய் வராததெல்லாம் விரலில் வந்துவிடுகிறது என்று மெக்கானிக்கே ஒப்புக்கொண்டார். 'எல்லாம் நலம்' என்று ஆரம்பித்தால் அந்தப் பக்கத்திலிருந்து சிக்னல்காரர், 'பக்கத்து வீட்டில்?' என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவாராம்.

அவர்கள் திரும்பி வந்து மூன்று வருடமாகிறது. சிக்னல்காரர் குடும்பம் அதே குடியிருப்பில், அதே விளக்குப் பொத்தானோடு இருக்கிறது. அவர் மனைவி வாரத்தில் இரண்டு நாள் அக்காவின் அறைக்கு வந்து எழுத்து இணைப்பைப் பார்த்துக்கொள்கிறார். கிளட்ச் மாஸ்டர் இன்னும் ஞாயிற்றுக்கிழமைகளில் பின்பக்கமாக வண்டி எடுக்கக் கற்றுக்கொடுக்கிறார். ஒத்திகை அக்காவுக்கு இப்போது ஐம்பத்துமூன்று வயது. தபால் அறைக்கும் சலவைக் கூடத்துக்கும் நடுவே அதே அறையில் இருக்கிறார், பன்னிரண்டாவது ஒத்திகைக்கான மஞ்சள் தாள்களை எண்ணி வைத்துக்கொண்டு.